பணிப்பெண் வைக்கும்போது பணம், நகை, நம்பிக்கை

தங்கச்சி, அடுத்த மாதம் குழந்தையோடு சிங்கப்பூர் வருகிறோம், இருவருக்கும் வேலை, பணிப்பெண் வைத்தால் நகையும் பணமும் பத்திரமா, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பாஸ்போர்ட். வாங்கவே வாங்காதீர்கள், அது குற்றம். வேலை அனுமதி அட்டையும் பணிப்பெண்ணிடமே இருக்க வேண்டும். அரசிடம் நீங்கள் ஒப்புக்கொள்ளும் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகை போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் வாங்கி வைக்கிறார்கள். ஆள் காணாமல் போனாலும், தேடிப் பார்த்துப் போலீசில் புகார் கொடுத்திருந்தால் பாதித் தொகைதான் போகும்.

வீட்டில் பணம் காணாமல் போவதற்குப் பின்னால் பல நேரம் கடன் இருக்கலாம். முகவர் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டி, பிறகு பணிப்பெண்ணின் சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பீர்கள். இங்குள்ள முகவர் அவரிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஆனால் ஊரில் ஆன செலவும் சேர்வதால், முதல் சில மாதம் அவர் கையில் காசே நிற்காது. அந்த நேரத்தில் ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆலோங்கிடம் (சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுப்பவர்) போகலாம். அவர்கள் வசூலுக்கு உங்கள் வாசலுக்கு வருவார்கள். எனவே ஒப்பந்தத்துக்கு முன் முகவரிடம் கடன் எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். ஒரேயடியாகக் கழிக்காமல், மாதம் கொஞ்சமாவது கையில் தங்கும்படி நீட்டச் சொல்லுங்கள். அவசரம் என்றால் உங்களிடமே முன்பணம் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தை மாதம் முடிந்து 7 நாளுக்குள் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். "நானே சேர்த்து வைக்கிறேன்" என்ற பேச்சே வேண்டாம், 2019 முதல் அதற்கு அனுமதியில்லை. வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) யாருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது என்று புரியவையுங்கள். மோசடிக் கும்பல்கள் தேடுவது அதைத்தான்.

தாலிக்கொடி தவிர்த்த தங்கத்தை வங்கி லாக்கரில் வையுங்கள். கடைக்குத் தனி பர்சில் 50 வெள்ளி போதும், கூடவே கணக்கு எழுத ஒரு நோட்டுப்புத்தகம். ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்டில் ரசீது வரும். தேக்கா சந்தையில் ரசீது தராத கடைகளில் வாங்கினால் பொருள், எடை, விலை மூன்றையும் அன்றே எழுதச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். மாதக்கடைசி வரை விட்டால் கணக்கு உதைக்கும், வீண் சந்தேகம் வரும்.

கேமரா வைக்கலாம், எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் படுக்கும், உடைமாற்றும், குளிக்கும் இடத்தில் கூடாது.

பழைய துணி, பாத்திரம் கொடுத்தால் படமெடுத்து "இது உனக்கு" என்று செய்தி அனுப்பிவிடுங்கள், பிறகு திருட்டு என்ற பேச்சு வராது. பார்த்தி லியானி என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணைத் திருட்டு வழக்கிலிருந்து உயர் நீதிமன்றம் 2020இல் விடுவித்தது. அவர் பெட்டிகளை முதலாளி வீட்டார் திறந்து பார்த்திருந்தார்கள், போலீஸ் வந்ததோ பல வாரம் கழித்து. ஆகவே சந்தேகம் வந்தால் பையைக் கிளறாதீர்கள், ஆளைத் தொட்டுச் சோதிக்காதீர்கள். இருந்தது இருந்தபடி விட்டு, அன்றே போலீசைக் கூப்பிடுங்கள்.

உறவினர் வீட்டையோ கடையையோ கூட்டச் சொல்லி அனுப்பாதீர்கள். அனுமதி அட்டையிலுள்ள முகவரியில் மட்டுமே அவர் வேலை செய்யலாம். மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது கட்டாயம் கொடுக்க வேண்டும், அதற்குப் பதில் பணம் கொடுத்து வேலை வாங்க முடியாது.