இரவு பத்து மணிக் கேள்வி – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

பர்மாவின் மௌல்மீனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன்; மூன்று கிளைகள். வெளியூர் வாடிக்கையாளர்கள் நிலைக்க வேண்டும் என்பதற்காக, பழுதான தண்ணீர் பம்பு எதுவானாலும் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுப்பது என்று இவ்வாண்டு முடிவு செய்தேன். கடைப் பையன்களோ வாதாடித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு கிளைக்கும் தொலைபேசியில் பேசி அன்றைய விற்பனையை விசாரிக்கிறேன். அப்படியும் நடக்கவில்லை. திட்டம் தவறா, ஆட்கள் தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விற்பனை எவ்வளவு என்று கேட்கிறீர்கள். எத்தனை பம்பு மாற்றிக் கொடுத்தார்கள் என்று கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. மாற்றிய பம்பு அந்தக் கிளையின் கணக்கில் நட்டமாக ஏறுமென்றால், எந்தப் பையன் துணிவான்?

ரங்கூனின் பழைய மொகல் தெருவில் நகரத்தாரின் வட்டிக்கடைகள் நடந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். முதலாளி செட்டிநாட்டில், பணம் ஐராவதிக் கழிமுகத்து நெல் வயல்களில். நடுவே, முதலாளிக்குப் பதிலாகக் கடையை நடத்த, அவர் எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தோடு சுமார் மூன்றாண்டுத் தவணைக்கு வந்த ஒரு மேலாள். கடல் கடந்து கடன் கொடுக்கும் அந்தத் திட்டம், பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாய்ச் சேர்ந்து, மேலாளுக்குத் துணையான அடுத்தாளாகி உயர்கிற வழக்கம் இல்லாமல் ஓராண்டுகூட ஓடியிருக்காது. கிட்டங்கி என்ற பொதுக் கட்டடத்தின் நீண்ட கூடத்தில் பல கடைகள் பாயும் கைப்பெட்டியுமாய் அருகருகே இருந்தன. ஒருவர் பேரேட்டைப் புரட்டும் ஓசை அடுத்தவருக்குக் கேட்கும். இங்கே கடைப் பணத்தில் கை வைத்தால் ஊரில் பெண் கிடைக்காது என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, கண்காணிப்புக்கென்று தனிச் செலவு அதிகம் தேவைப்படவில்லை.

அந்த ஒழுங்கு எல்லாவற்றையும் காத்ததா என்றால், இல்லை. 1930-இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய உழவர்களால் கட்ட முடியவில்லை. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் நகரத்தார் கையில் இருந்த பங்கு 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்தது, 1938-க்குள் 25 விழுக்காடாயிற்று. நிலம் சேர்ப்பது அவர்கள் நோக்கமல்ல. சுழல வேண்டிய பணம் வயலில் முடங்கியது. மேலாட்கள் சோம்பவில்லை, திட்டத்தின் அடிமண்தான் சரிந்தது.

உங்கள் நிலை அதுவன்று. திட்டம் நல்லதே, கடை வழக்கம் அதற்கு எதிராக இழுக்கிறது, இழுப்பவரும் நீங்களே. மாற்றும் பம்பின் நட்டத்தைத் தலைமைக் கடையின் கணக்கில் எழுதுங்கள். இரவில் முதலில் பம்பைப் பற்றிக் கேளுங்கள், பிறகு விற்பனை. சில வாரங்கள் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். அதற்காகப் பையன்களை மாற்றிவிடாதீர்கள்.