70 கையெழுத்து இருந்தும் பல்சமயப் பள்ளிக்கு அனுமதி இல்லையா?

பல்சமயப் பள்ளி, அதாவது எல்லாச் சமயப் பிள்ளைகளையும் சமமாக நடத்தும் பள்ளி, கேட்டு 70 பேரிடம் கையெழுத்து வாங்கியும் மறுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். இன்னும் கையெழுத்து சேர்த்துப் பயனில்லை. அயர்லாந்தில் புதுத் தொடக்கப் பள்ளி வேண்டுமா என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துக் கல்வித் துறைதான் முடிவுசெய்கிறது. புதுப் பள்ளி வரும் என்று துறை அறிவித்த பிறகு, அதை எந்த அமைப்பு நடத்துவது என்ற கட்டத்தில்தான் பெற்றோரின் விருப்பத்தைக் கேட்பார்கள். 1978-ல் டப்ளின் அருகே டால்கியில் பெற்றோரே கூடிப் பல்சமயப் பள்ளி திறந்ததைச் சொல்லி வாதாடாதீர்கள், அந்தக் காலம் வேறு.

உங்களுக்கு மறுப்பு வந்ததற்கு அநேகமாக இதுதான் காரணம்: பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் காலி இடம் இருக்கும். அந்தப் பள்ளி உங்களுக்கு வேண்டாமென்றாலும் அந்த நாற்காலி கணக்கில் சேரும்.

சரி, அந்தக் கையெழுத்துத் தாளை எடுத்துப் பாருங்கள். எத்தனை வரியில் பிள்ளையின் பிறந்த தேதியும் எயர்கோடும் (அயர்லாந்தின் அஞ்சல் குறியீடு) இருக்கின்றன? நாங்கள் சூப்பர்மார்க்கெட் வாசலில் வாங்கிய தாளில் பாதிப் பேர் தாத்தா பாட்டிகள்! இன்னும் பள்ளி சேராத பிள்ளைகளை மட்டும் எண்ணுங்கள். அப்புறம் அந்தப் பட்டியலோடு, பல்சமயப் பள்ளிகளை நடத்தும் எஜுகேட் டுகெதர் அமைப்பிடம் பேசுங்கள். புதுப் பள்ளி அறிவிக்கும்போது விண்ணப்பிப்பது அவர்களைப் போன்ற அமைப்புதான், நீங்கள் அல்ல.

இருக்கும் பள்ளி ஒன்றைப் பல்சமயப் பள்ளியாக மாற்றவும் வழி உண்டு. ஆனால் கத்தோலிக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஆயரின் சம்மதம் வேண்டும், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஒத்துவர வேண்டும். உங்கள் மூத்த பிள்ளைக்காக இதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.