ஹோமரா, வெர்ஜிலா: எதில் தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு கிரேக்கக் கவி ஹோமரின் இலியட், ஒடிஸி, லத்தீன் கவி வெர்ஜிலின் ஈனியட் ஆகிய மூன்று காவியங்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடித்தேன். இலியட் என்னை உலுக்கிவிட்டது. மூலத்தில் படிக்க வேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து விடாமல் துரத்துகிறது. விசாரித்த இடத்திலெல்லாம் முதலில் லத்தீன், பிறகுதான் கிரேக்கம் என்கிறார்கள். வீட்டிலோ, “நாற்பது வயதுக்கு மேல் இந்தச் செத்த மொழி எதற்கு? அதுதான் மொழிபெயர்ப்பு இருக்கிறதே” என்று கேட்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. ஈனியட், ஹோமரைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. அதே கடற்பயணம், அதே பாதாள உலகம், அதே கேடயம். அதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

கிரேக்கத்தில் தொடங்குங்கள். அதிலும் நேராக ஹோமரில் தொடங்குங்கள்.

லத்தீன் முதலில் என்பது ஐரோப்பியப் பள்ளிகளின் பழைய வரிசை. திருச்சபையும் சட்டமும் பல்கலைக்கழகமும் லத்தீனில் நடந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. உங்களை அழைத்ததோ இலியட். லத்தீன் இலக்கணம் தொடக்கத்தில் சற்று எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெர்ஜிலின் லத்தீன் எளிதல்ல. அடியின் ஒரு கோடியில் பெயரடை நிற்கும். அது தழுவும் பெயர்ச்சொல் மறுகோடியில் நிற்கும். ஹோமரின் வாக்கியம் அப்படி முடிச்சுப் போடுவதில்லை. ஒன்றைச் சொல்லும், அதோடு அடுத்ததைச் சேர்க்கும், போய்க்கொண்டே இருக்கும்.

பாடநூலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பெரும்பாலான நூல்கள் கற்பிப்பது பிளேட்டோவும் செனபோனும் எழுதிய ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கம். ஹோமருடையது அயோனியம் என்ற வட்டார வழக்கில் ஈயோலியம் என்ற இன்னொரு வழக்கின் வடிவங்களும் கலந்த காவிய மொழி; அன்றாடப் பேச்சில் எந்த ஊரிலும் புழங்காதது. கிளைட் ஃபார் என்ற அமெரிக்க ஆசிரியர் 1920இல் வெளியிட்ட ஹோமரியக் கிரேக்கப் பாடநூல் இந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்று முடிவுசெய்து எழுதப்பட்டது. சில பாடங்கள் கழிந்ததுமே உங்களை இலியட்டின் முதல் காண்டத்துக்குள் இறக்கிவிடும்.

மொழிபெயர்ப்பில் உங்களைச் சலிப்படையச் செய்திருக்கக்கூடிய ஒன்று மூலத்தில் கைகொடுக்கும். “விரைந்த கால்களையுடைய அக்கிலிஸ்”, “ரோஜா விரல்களையுடைய வைகறை”, உண்டு முடித்ததும் தவறாமல் வரும் அந்த ஒரே அடி. இலியட்டின் நாயகன் அக்கிலிஸ் கூடாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரைந்த காலுடையவன்தான். காரணத்தைத் துலக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரி. 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவின் கிராமங்களில் வாய்மொழிப் பாடகர்களை அவர் ஒலிப்பதிவு செய்தார். அவர்களில் அவ்தோ மெஜெதோவிச் என்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட ஒரு பாடல் மட்டும் 12,000 அடிகளைத் தாண்டியது. பாடகன் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை. யாப்பின் இடைவெளிகளுக்கு அளவெடுத்த தொடர்களைக் கையில் வைத்துக்கொண்டு, பாடும்போதே கட்டுகிறான் என்பதை பாரியும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் காட்டினார்கள். அன்று பாடகனுக்கு உதவிய அதே தொடர்கள் இன்று மாணவருக்கு உதவுகின்றன. ஒருமுறை கற்றுக்கொண்டால் நூறு இடங்களில் அகராதி தேவைப்படாது.

மொழிபெயர்ப்பு போதாதா என்ற கேள்விக்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 24ஆம் காண்டம். அக்கிலிஸ் கொன்ற தன் மகன் ஹெக்டரின் பிணத்தைக் கேட்டு, டிராயின் கிழ மன்னன் பிரியம் இரவில் அக்கிலிஸின் கூடாரத்துக்குள் நுழைகிறான். 478ஆம் அடியில் அவன் அக்கிலிஸின் முழங்கால்களைப் பற்றுகிறான், கைகளை முத்தமிடுகிறான். “கைகள்” என்ற சொல்லோடு அடி முடிகிறது. அடுத்த அடி அந்தக் கைகள் எப்படிப்பட்டவை என்று தொடங்குகிறது: பயங்கரமானவை, ஆள்கொல்லிகள், அவனுடைய மைந்தர் பலரைக் கொன்றவை. முதலில் முத்தம் நடந்துவிடுகிறது. அதன் பிறகுதான், அடி திரும்பிய பிறகுதான், எதை முத்தமிட்டான் என்பது நம்மீது இறங்குகிறது. தமிழில் இதை இயல்பாகச் சொல்ல வேண்டுமானால் “தன் மைந்தர் பலரைக் கொன்ற பயங்கரமான கைகளை முத்தமிட்டான்” என்றுதான் சொல்ல வேண்டும். கொலை முன்னால் வந்துவிடுகிறது, முத்தம் கடைசிக்குப் போய்விடுகிறது. பொருளில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஹோமர் நமக்குச் செய்தது போய்விட்டது. இந்த ஓர் அடிக்காக ஒரு மொழியைக் கற்கலாம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். உங்கள் வீட்டாரிடமும் இதையே படித்துக் காட்டுங்கள்.

வாய்விட்டுப் படியுங்கள். இரு மொழிக் காவியங்களுக்கும் யாப்பு ஒன்றே: அடிக்கு ஆறு சீர், அசையின் நெடுமை குறுமையைக் கொண்டே ஓசை. ஆங்கிலம் பேசுபவர்கள் அழுத்தத்தை விட்டு அளவைக் கேட்கப் பழகுவதற்குள் திணறிப்போகிறார்கள். குறிலும் நெடிலும் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. குறிலைத் தொடர்ந்து இரண்டு மெய்கள் வந்தால் அந்த அசையும் நெடிதாகக் கணக்காகும் என்ற விதியைச் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வேற்றுமை உருபுகளுக்கும் நீங்கள் புதியவர் அல்லர். தமிழ் காதுக்கும் லத்தீனுக்கும் பழைய உறவும் உண்டு. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அங்கிருந்து இங்கு வந்தார். நீங்கள் இங்கிருந்து அங்கே போகிறீர்கள்.

இனி வெர்ஜில். ஹோமரைப் பார்த்து எழுதினார் என்பது சரி. அதை அவர் மறைக்கவே இல்லை. வாசகன் ஹோமரை நினைத்துக்கொண்டுதான் தன்னைப் படிக்க வேண்டும் என்று எழுதினார். ஒடிஸியின் 11ஆம் காண்டத்தில் ஒடிஸியஸ் இறந்த தாயின் நிழலை மூன்று முறை அணைக்கப் பார்க்கிறான், மூன்று முறையும் அது நழுவிப்போகிறது. வெர்ஜில் இதை எடுத்து இரண்டு இடங்களில் வைக்கிறார். எரியும் டிராயில் தந்தையைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்து வெளியேறும் காவிய நாயகன் ஈனியாஸ், பின்னால் வந்த மனைவி கிரேயூசாவைத் தவறவிடுகிறான். திரும்ப ஓடியவன் காண்பது அவள் நிழலை. பிறகு பாதாளத்தில் தந்தை அங்கைசிஸை. இரண்டு இடத்திலும் அதே மூன்று அடிகள், ஓர் எழுத்தும் மாறாமல். தேசத்தை நிறுவப் போகிறவனின் கைகள் இரண்டு முறையும் வெறுமையாகத் திரும்புகின்றன.

முடிவைப் பாருங்கள். இலியட்டில் பிரியம், “உன் தந்தையை நினைத்துப் பார்” என்று கெஞ்சுகிறான். அக்கிலிஸ் அழுகிறான், இரங்குகிறான், பிணத்தைத் தருகிறான். ஈனியட்டின் கடைசியில் ஈனியாஸிடம் தோற்றுக் காயப்பட்டு விழுந்த எதிரி டர்னஸ் அதே வேண்டுதலை வைக்கிறான்: உனக்கும் இப்படியொரு தந்தை இருந்தாரே, என் கிழத் தந்தை மீது இரக்கம் காட்டு. ஈனியாஸின் கை தயங்குகிறது. அப்போது டர்னஸின் தோளில், அவனால் கொல்லப்பட்ட, ஈனியாஸின் தோழனான இளைஞன் பல்லாஸின் கச்சை கண்ணில் படுகிறது. வெறி பிடித்தவனாக வாளைப் பாய்ச்சுகிறான். காவியம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஈமச்சடங்கு இல்லை, சமாதானம் இல்லை. ஹோமரில் வென்ற வேண்டுதலை வெர்ஜில் தோற்க வைக்கிறார், அதுவும் பேரரசர் அகஸ்டஸின் ரோமில் இருந்துகொண்டு. கி.மு. 19இல் அவர் இறந்தபோது நூலில் பாதியில் நிற்கும் அடிகள் பல இருந்தன. அதை எரித்துவிடச் சொன்னார் என்றும், அகஸ்டஸ்தான் தடுத்தார் என்றும் பழைய வரலாறுகள் சொல்கின்றன. நகல் எடுப்பவர் செய்கிற காரியமா இது? ஹோமரை முதலில் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம். ஹோமர் காதில் இல்லாமல் டர்னஸின் சாவைப் படித்தால், போரில் இன்னொருவன் செத்தான் என்பதோடு போய்விடும்.

நடைமுறைக்கு வருகிறேன். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் இணைய நூலகத்தில் மூன்று காவியங்களும் இலவசம். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் இலக்கணமும் பொருளும் வரும். பக்கத்துக்குப் பக்கம் மூலமும் ஆங்கிலமும் உள்ள லோப் பதிப்புகளில் கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு. முடிந்தால் பச்சையை வாங்குங்கள். இலியட்டில் ஏறக்குறைய 15,700 அடிகள். நாளைக்குப் பத்து அடி என்றாலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே முழுவதையும் முடிக்கும் கணக்கை விட்டுவிட்டு 1, 6, 24 ஆகிய காண்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவதில், தந்தை ஹெக்டரின் தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிரைக் கண்டு குழந்தை அலறும் இடம் வரும். அங்கே மெதுவாகப் போங்கள்.

முதல் காண்டத்தில் கிரேக்கப் பாசறையைக் கொள்ளைநோய் தாக்கும் இடம்வரை 52 அடிகள். அதை முடித்ததும் எழுதுங்கள். எந்த அடியில் சிக்கினீர்கள் என்று எண்ணோடு குறிப்பிட்டால் விளக்கம் எழுத எனக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்