மணிப்புரி மொழித் திரைப்படங்களுக்கான தேசிய விருது எப்படி வழங்கப்படுகிறது? இதுவரை எந்தப் படங்கள் பெற்றுள்ளன?

தேசியத் திரைப்பட விருதுகளில், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுக்குத் தனித்தனியே சிறந்த படத்துக்கான விருது உண்டு. நடுவர் குழு தகுதியான படம் இருப்பதாகக் கருதும் ஆண்டில் மட்டுமே அது வழங்கப்படும். வெள்ளித் தாமரையும் பணமுடிப்பும் தயாரிப்பாளர், இயக்குநர் இருவருக்கும் உரியவை.

மணிப்புரி அந்த அட்டவணையில் சேர்ந்தது 1992-இல்தான். ஆனால் முதல் மணிப்புரி படமான, தேப்குமார் போஸ் இயக்கிய 'மாதம்கி மணிப்பூர்' (1972) வெளிவந்த ஆண்டுக்கே தேசிய விருதைப் பெற்றுவிட்டது. சிறிய மொழியொன்றின் முதல் படத்துக்கே கிடைத்த இந்த அங்கீகாரம், என் பார்வையில், பின்னர் வந்த எந்த விருதையும்விடப் பெரியது.

அடுத்து அரிபம் ஷியாம் சர்மாவின் படங்களை அவசியம் சொல்ல வேண்டும். எம்.கே. பினோதினி தேவியின் எழுத்தில் அவர் இயக்கிய 'இமாகி நிங்தெம்' (1981), தாயற்ற சிறுவனைத் தன் கணவனின் மகன் என்றறிந்த பின்னும் ஏற்று வளர்க்கும் பெண்ணின் கதை. சிறந்த மணிப்புரி படத்துக்கான விருதுடன், சிறுவனாக நடித்த லெய்கேந்திராவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திர விருதும் கிடைத்தது. மறு ஆண்டு பிரான்சின் நாந்த் விழாவில் தலைசிறந்த பரிசையும் படம் வென்றது. தெய்வ அழைப்பை ஏற்று மைபியாக (மணிப்பூரின் மரபுச் சமயப் பெண் பூசாரியாக) மாறி, கணவனையும் மகளையும் பிரியும் பெண்ணைக் காட்டிய 'இஷானு' (1990) தேசிய விருதோடு கான் விழாவரை சென்றது.

மொழிப் பிரிவுக்கு வெளியேயும் மணிப்புரி படங்கள் வென்றுள்ளன. லோக்தாக் ஏரியின் மிதவைத் திட்டுகளில் வாழும் மீனவரைப் பற்றிய ஹவோபம் பபன் குமாரின் 'லோக்தாக் லைரெம்பி', 2016-ஆம் ஆண்டுக்கான சுற்றுச்சூழல் பாதுகாப்பு விருதைப் பெற்றது.