ஒரே வெயில், ரெண்டு கடல்

கேள்வி: ஏப்ரல், மே மாசத்துல வங்கக்கடல், அரபிக்கடல் ரெண்டுமே சூடாகுது. ஆனா ஜூன், ஜூலையில அரபிக்கடல் மட்டும் நல்லா ஆறிப்போகுதாமே? ரெண்டுக்கும் ஒரே சூரியன்தானே சார்?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சூரியன் ஒண்ணுதாங்க, காத்தும் மழையும்தான் வேற வேற. மே மாசம் மேகம் கம்மி, காத்தும் பெருசா கெடையாது, வெயில் உச்சந்தலைக்கு நேரா அடிக்கும், அதனால ரெண்டு கடல்லயும் மேல்தண்ணி 30 டிகிரி வரைக்கும் போயிடும். கிணத்துல குதிச்சுப் பழகினவங்களுக்குத் தெரியும், நெஞ்சு வரைக்கும் வெதுவெதுன்னு இருக்கும், காலுக்குக் கீழ சில்லுனு இருக்கும். கடலும் அப்படித்தான், சூடு மேலாப்புல கிடக்கு, அவ்ளோதான்.

ஜூன்ல தென்மேற்குப் பருவக்காத்து சோமாலியா ஓரமா பிச்சுக்கிட்டு வரும் பாருங்க, அப்போ ஆரம்பிக்குது. டீயை ஊதினா ஆறுதுல்ல, அதேதான். ஒரு கிலோ தண்ணி ஆவியாகணும்னா சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தைக் கடல்கிட்டேர்ந்து பிடுங்கிட்டுத்தான் போகும். அது போக, காத்து மேல்தண்ணியையும் கீழ்த்தண்ணியையும் கலக்கிவிடுது, பூமி சுத்துறதால சோமாலியா, ஓமன் கரையில மேல்தண்ணி கரையை விட்டு வெலகி ஓடுது, அந்த எடத்துக்கு ஆழத்துத் தண்ணி ஏறி வருது. சோமாலியா பக்கம் 20 டிகிரி கிட்ட கூட எறங்கிடும், வெப்பமண்டலக் கடல்ல! கேரளாவுல இருந்து உங்க ஊர்ப்பக்கம் வரைக்கும் சின்ன அளவுல இதே கதை நடக்குது, அந்த ஆழத்துத் தண்ணியில சத்து ஜாஸ்தி, மத்தி மீனுக்குக் கொண்டாட்டம்.

வங்கக்கடல் கதையே வேற. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரின்னு எல்லாம் அங்கதான் போய்க் கொட்டுது, மேல மழை வேற. நல்ல தண்ணி உப்புத்தண்ணியை விட லேசு, மூடி போட்ட மாதிரி மேலயே மிதக்கும். காத்தும் அரபிக்கடல் அளவுக்கு இல்ல, அதால இந்த மூடியைக் கலைக்க முடியல. அப்படியே கொஞ்சம் கலைச்சாலும் உடனே சில்லுனு தண்ணி வராது, ஏன்னா மூடிக்கு அடியில இருக்கற உப்புத்தண்ணியும் சூடாத்தான் இருக்கு (எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச எடமே இதுதான்). அதனால 28 டிகிரிக்கு மேலயே நிக்குது, மேகம் திரளுது, மழை கொட்டுது, மூடி மறுபடி கெட்டியாகுது.

அக்டோபர், நவம்பர் புயலுக்கும் இதுல பங்கு இருக்கு. பொதுவா புயல் போற வழியில கடலைக் கலக்கி ஆற வச்சுடும், அந்தத் தடம் சாட்டிலைட் படத்துலயே தெரியும், அதுல புயலோட பலமும் கொஞ்சம் கொறையும். மழைக்காலம் முடிஞ்ச கையோட வங்கக்கடல்ல அந்த ஆறுதல் ரொம்பக் கம்மி, ரெண்டு அர்த்தத்துலயும்.