மண்வெட்டி அப்புறம்

கேள்வி: குளம் தூர்வார ஊர் இளைஞர்களைக் கூப்பிட்டால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லையே, என்ன செய்யலாம்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: நோட்டீஸ் ஒட்டினால் வருவார்களா? சென்னையில் 1988 முதல் மாணவர்கள் கடலாமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஜனவரி பிறந்தால் நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடை. நானும் ஒருமுறை போய்க் கால் வீங்கித் திரும்பினேன். ஆமை தோண்டிய குழிக்குள் கைவிட்டு, பிங்பாங் பந்து மாதிரி நூற்றுச் சொச்சம் முட்டைகளை, பத்திரமான இடத்தில் புதைக்க ஒவ்வொன்றாக எடுத்த பையனுக்கோ தூக்கமே மறந்துபோச்சு. சுமார் 45 நாள் கழித்துக் குஞ்சுகள் கடலுக்கு ஓடுவதைப் பார்க்க அம்மாவையும் இழுத்து வந்தான்.

ஆகவே, மண் சுமக்கக் கூப்பிடாதீர்கள். முதலில் விடியற்காலையில் குளத்துப் பறவைகளை எண்ணக் கூப்பிடுங்கள். டீயும் வடையும் உங்கள் செலவு, சரியா?