குழியோரம் நீட்டப்படும் நீலக்கல்

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். ஒரு நாள் இரத்தினபுரியில் ரத்தினக்கல் சுரங்கம் பார்த்துவிட்டு, அங்கேயே மகளுக்கு ஒரு நீலக்கல் வாங்க எண்ணம். ஜோசியர் ஐந்து காரட் சொல்லியிருக்கிறார். எடுத்த இடத்தில் வாங்கினால் மலிவு, கல்லும் அசல் என்கிறார் டிரைவர். நம்பலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: சுரங்கம் பாருங்கள். குழியோரத்தில் கல் வாங்காதீர்கள்.

சுரங்கம் என்றதும் குகையை நினைக்க வேண்டாம். பெரும்பாலும் வயலில் தோண்டிய சதுரக் குழிதான். மண் சரியாமல் இருக்க மரச்சட்டம் கட்டி, இடுக்குகளில் பெரணி இலை திணித்திருப்பார்கள். பம்பு தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அடியில் கிடைக்கும் கல் கலந்த சரளைக்கு ‘இல்லம்’ என்று பெயர். அதை மேலே ஏற்றிக் கூடையில் அரித்துத்தான் கல் பொறுக்குவார்கள். சில குழிகளில் பெண்களைப் பக்கத்தில் விடமாட்டார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் குழி நிரம்பிவிடும், 2017 மே மாதத்தைப் போல ஊரே வெள்ளத்தில் நிற்கவும் கூடும். பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமி விடுமுறையும் பெரும்பாலும் மே மாதம்தான், நாளைப் பார்த்துப் போங்கள்.

‘இப்போதுதான் குழியிலிருந்து வந்தது’ என்று ஒருவர் ஈரக்கையோடு கல்லை நீட்டுவார். குழியில் கிடைக்கும் கல்லில் நிலக்காரர், உரிமம் வைத்திருப்பவர், பம்புக்காரர், தொழிலாளிகள் என்று பலருக்குப் பங்கு உண்டு. கல்லை விற்றுத்தான் பிரித்துக்கொள்வார்கள். தனி ஆள் ரகசியமாக நீட்டினால் அது திருட்டாக இருக்கும், இல்லையென்றால் உலையில் செய்த செயற்கை நீலத்தை உடைத்து உருட்டிச் சேறு பூசியதாக இருக்கும். செயற்கை நீலம் கண்ணாடி அல்ல. அசலின் அதே கடினம், அதே எடை. கண்ணாடியைக் கீறிக் காட்டுவதும் நெருப்பில் காட்டுவதும் வெறும் வித்தை. உள்ளே வளைந்த கோடுகளும் குமிழ்களும் தெரிகிறதா என்று லென்ஸில் தேட வேண்டும், அதுவும் பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும்.

டிரைவர் கூட்டிப்போகும் ‘மியூசியம்’ பலவும் பின்பக்கம் கடைதான். அவருடைய கமிஷன் உங்கள் பில்லில் இருக்கும். ஜோசியர் சொன்ன ஐந்து காரட்டை அங்கே வாய்திறந்து சொல்லிவிட்டால் சரியாக ஐந்து காரட்டில் ஒரு கல் வந்து நிற்கும்!

காலையில் இரத்தினபுரியின் சாவியா தெருவில் நின்றபடியே நடக்கும் கல் வியாபாரத்தையும் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்துங்கள். ஒரே ஒரு விலக்கு: பணம் கைமாறும் முன்பே விற்பவர் உங்களோடு பரிசோதனைக்கூடத்துக்கு வரச் சம்மதித்தால் வாங்கலாம். கல்லை அவர் தனியாகக் கொண்டுபோய்ச் சான்றிதழோடு திரும்பி வந்தால் அது இந்த விலக்கில் சேராது. உங்கள் கண்முன் எடை போட்டு, இரண்டு தசம இலக்கம் வரை காரட்டையும் மில்லிமீட்டரில் நீள அகல உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் அதே எண்கள் இருக்க வேண்டும். நிறம் கூட்டுவதற்காகச் சூடேற்றிய கல்லா என்பதும் எழுதியிருக்க வேண்டும். சூடேற்றியது போலி அல்ல, ஆனால் சூடேற்றாத கல்லின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையே கல்லைச் சோதிக்கும், ஆனால் அது அரசு அலுவலகம். சனிக்கிழமை ஒருநாள் பயணமாக வருகிறவருக்கு அதனால் என்ன பயன்? உரிமம் தருவதும் அவர்களே, உரிமம் இல்லாதவர் தெருவில் விற்பதும் அவர்கள் கண்முன்தான்.

கல்லை மடித்த காகிதத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே நீலத்தாள் வைத்தால் வெளிறிய கல்லும் நிறம் காட்டும். விரலிடுக்கில் வைத்து, காலை வெளிச்சத்தில், நிழலில் நின்று பாருங்கள். பிறகு அச்செழுத்தின் மேல் வையுங்கள். நடுவில் எழுத்துப் படிக்க முடிந்தால் பட்டை தட்டியது சரியில்லை.

பில்லில் கல்லின் வகை, காரட், விற்பவரின் உரிம எண் மூன்றும் வேண்டும். ஊர் திரும்பும்போது சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். ‘இந்தியாவில் இரட்டிப்பு விலைக்குப் போகும்’ என்று யார் எதைக் கொடுத்தாலும் பையில் போடாதீர்கள்.